பதினான்காவது தடவை

விதி எழுபத்திரண்டு மணி நேரம் தருகிறது.
திரும்பி வந்த பிள்ளையிடம்
போலீஸ் அல்லாத ஒருவர்
போய்ப் பேச வேண்டும்.
அந்த ஒருவர் நான்.
கழுத்தில் நாடா, அதில் கிரிம்ஸ்பி நகரசபை அட்டை,
காரில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

லேசிக்குப் பதினைந்து வயது.
இல்லத்திலிருந்து அவள் போவது இது பதினான்காவது தடவை.
பத்துவரை எண்ணி எழுதியவர்கள்
பிறகு "வழக்கம்போல" என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

எதிரெதிரே உட்கார்ந்தால் பேசமாட்டாள்.
கிளீதோர்ப்ஸ் கடற்கரையில் காரை நிறுத்தி
இருவரும் கண்ணாடி வழியே முன்னால் பார்த்தோம்.
கடல் உள்வாங்கிக் கிடந்தது.
சேறு, தூரத்தில் ஒரு நாய், நாயைக் கூப்பிடும் ஒருவர்.
எஞ்சினை நான் அணைக்கவில்லை. குளிர்.

எங்கே போனாய் என்று கேட்கவில்லை.
பதின்மூன்று தடவை கேட்டாயிற்று.
பதின்மூன்று தடவையும் "சும்மா."
அந்தச் சும்மாவைப்
படிவத்தின் சின்னக் கட்டத்துக்குள்
மடக்கி மடக்கி அடைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை கூட்டம். ஆறு பேர்.
பள்ளிக்கூடத்து ஆள் சொன்னார்:
புது ஃபோன், யார் வாங்கித் தந்ததென்று தெரியவில்லை,
ஜனவரியிலேயே குறித்துவைத்தோம்.
இல்லத்து ஷோனா: துவைக்கப் போட்ட பேன்ட் பையில்
டான்காஸ்டருக்கு ரயில் சீட்டு. அது பிப்ரவரி.
கிளினிக் நர்ஸ் தன் காகிதத்தைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.
கான்ஸ்டபிள் மம்பி இரவுப் பணியிலிருந்து நேராக வந்திருந்தார்,
கண் சிவந்து.
ஒரு நீலக் கார், நம்பரில் பாதி.

எல்லாம் இருந்தது.
ஆளுக்கொரு அலமாரியில் இருந்தது.
"ஆபத்து: நடுத்தரம்" என்று எழுதிய கைகள்
ஆறிய டீக்களுக்கு நடுவே மேஜைமேல் கிடந்தன,
என்னுடையவையும்.

காணாமல் போனாள் என்கிறோம்.
போனது அவள்.
காணாமல் இருந்தது –
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

"என் ரூமைக் கலைச்சது யாரு?"

போலீஸ். முதலில் வீட்டுக்குள்தான் தேடுவார்கள்.

"கட்டிலுக்கு அடியிலயா?"

கட்டிலுக்கு அடியில், பரணில்,
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்.

"நான் என்ன பூனையா?"
சிரித்தாள். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.
"பல் தேய்க்கிற பிரஷ்கூட இல்ல.
அதை எதுக்கு எடுத்தாங்க?"

நான் பதில் சொல்லவில்லை.
புரிந்துகொண்டாள் என்பது
பிஸ்கட் வாய்க்குப் போகாமல் நின்றதில் தெரிந்தது.
நாய் ஒருவழியாகத் திரும்பி ஓடிவந்தது.

வெகுநேரம் கழித்து அவளாகச் சொன்னாள்.
காரைப் பற்றி இல்லை, டான்காஸ்டர் பற்றி இல்லை.

"நீங்க போட்ட அந்தப் போட்டோ.
அது நான் இல்ல.
பன்னிரண்டு வயசு, யூனிஃபார்ம், நெத்தியில முடி.
ஸ்டேஷன்ல ஒரு போலீஸ்காரம்மா
அந்தப் போட்டோவைக் கையில வச்சுக்கிட்டே
என்னைத் தாண்டிப் போனாங்க.
ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை.
நான் நகரக்கூட இல்ல."

எங்களிடம் வேறு போட்டோ இல்லை என்றேன்.
மூன்று வருடம், நான்கு வீடுகள்,
யாரும் எடுத்திருக்கவில்லை.

"அப்ப இப்ப எடுங்க."

முடியை ஒதுக்கவில்லை.
உதட்டோரக் காயத்தை மறைக்கவும் இல்லை.
பின்னால் மங்கலாய்ச் சேறும் வானமும்.
எடுத்தேன்.
வாங்கினாள், இரண்டு விரலால் பெரிதாக்கினாள்,
யாரோ ஒருத்தியின் முகத்தைப் பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு என் மடியில் வைத்தாள்.

"இதை மம்பிகிட்ட குடுங்க.
அடுத்த தடவைக்கு."

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
விதி தந்த நேரத்தில்
இன்னும் ஒன்பது மணி மிச்சம்.